பியானோவை இறக்கி வைத்த இடங்கள்

மயானத்திலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பாதை உறைந்து கண்ணாடிபோலக் கிடந்தது. வழுக்காமல் இருக்க நகரசபைக்காரர் எறிந்துவிட்ட குறுணிக்கல் சப்பாத்துக்கு அடியில் நொறுநொறுவென்றது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், "எங்கையடா ஓடுறாய், வேலை முடிஞ்சுதோ?" என்று ஒரு குரல் வரும் போலிருந்தது. அந்தக் குரலுக்குரியவரைத்தான் மேலே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

ஒஸ்லோவில் உள்ள பியானோக்களில் பாதி, பியானோ அண்ணையின் முதுகில் ஏறி இறங்கியவை. மற்றப் பாதி லிஃப்ட் உள்ள வீடுகளில் இருக்கின்றன; அவற்றை அவர் பியானோ என்றே கணக்கெடுப்பதில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பனியில் வேலை. அலுமாரி, கட்டில், குளிர்ப்பெட்டி என்று எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிப்பார். பியானோ என்றால் மட்டும் முகச்சவரம் செய்து, தலை வாரி இழுத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வருவார். வாசிக்கத் தெரியாது. ஒரு வீட்டுக்காரி மூடியைத் திறந்து, "ஒரு பாட்டு வாசியுங்களேன்" என்று கேட்டபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு இதன் முதுகுப் பக்கம்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டார்.

சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அன்று காலை சவப்பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்த மரக்கறிக்கடைக்காரர், "தம்பி, இது வேறை ஆற்றையோ செத்தவீடு. வாரும் போவம்" என்று வெளியே போக வெளிக்கிட்டார். இத்தனைக்கும் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் இவருடைய கடைக்கு மேலேயுள்ள அறையில்தான் பியானோ அண்ணை ஆண்டாண்டு காலமாக வாடகைக்கு இருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்பதும் சரியில்லை. ஷெல் விழுந்து கூரை போனது, வாத்திமார் போனார்கள், நானும் போனேன். அதற்குப் பிறகு போய்க்கொண்டேதான் இருக்கிறேன். நோர்வேயின் வடக்குத் தொங்கலில் மீன் வெட்டினேன். கப்பலில் தளம் கழுவினேன். பாண் சுட்டேன். பஸ் துடைத்தேன். என் பெயரைச் சரியாகச் சொல்ல அவர்கள் பழகுமட்டும் நான் ஓரிடத்திலும் நின்றதில்லை. அப்படிப்பட்ட நான் கூடின காலம் நின்றது பியானோ அண்ணையோடுதான்.

மாடிப்படியில் பியானோ இறக்கும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவருக்குத்தான். மேலே நிற்கிறவர் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். கீழ்ப்பக்கம் எப்போதும் அவர். ஒருநாள் எனக்கு ரோசம் வந்தது.

"அண்ணை, இண்டைக்கு நான் கீழை நிக்கிறன்."

"நீ மேலை நில்."

"ஏன், எனக்குப் பெலன் இல்லையோ?"

"பெலன் இருக்கு. கால்தான் சரியில்லை. அது ஓடுற கால்."

"மேலை நிண்டு ஓடினால் மட்டும் பரவாயில்லையோ?"

"மேலை நிக்கிறவன் ஓடினால் நான் நசிஞ்சு போவன். அது என்ரை பாடு. கீழை நிக்கிறவன் ஓடினால் பியானோவெல்லோ நசிஞ்சு போகும்!"

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. தூக்கினால் இடையில் வைக்கக்கூடாது. ஐந்தாம் மாடியில் தூக்கினால் தெருவில்தான் வைக்கவேண்டும். "இடையிலை வைச்சால் பாரம் கூடும்" என்பார். எங்களோடு ஒரு போலந்துக்காரன் வேலை செய்தான். கழுத்தும் காலும் நீளமாக இருந்ததால் அண்ணை அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார். அது ஏதோ வீரனுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு அவன் சந்தோசமாக இருந்தான். ஒருமுறை இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி, "வை?" என்று கேட்டான். அண்ணை அடுத்த படிக்கு இறங்கினார். அவன் தெருவுக்கு வந்து வைத்துவிட்டு அரைமணித்தியாலம் நடைபாதையில் படுத்துக் கிடந்தான். கொக்குக்கு நாலே நாலு தமிழ்ச் சொல் தெரியும்: தூக்கு, வை, மெல்ல, அரோகரா. கடைசிச் சொல்லுக்கு 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று அர்த்தம் என்பது அவனுடைய எண்ணம்.

பியானோவுக்கு அடுத்தபடியாக அண்ணைக்குப் பிடித்தது செத்தவீடு. ஒஸ்லோவில் தமிழர் யார் இறந்தாலும், சைவமோ வேதக்காரரோ, தெரிந்தவரோ தெரியாதவரோ, மண்டப வாசலில் முதல் ஆளாக நிற்பார். வேலைக்குப் போடுகிற தோல் கையுறை கோட்டுப் பைக்குள் இருக்கும். வீட்டுக்காரருக்குக் கை கொடுப்பதற்குப் பதிலாகப் பெட்டியைத் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்ப்பார். பிறகு, "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். சாப்பாட்டுக்கு வருகிறார் என்று சனம் கதைத்தது. தூக்கி வைத்த கையோடு அவர் போய்விடுவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இதனால் அவர் நோயாளி பார்க்கப் போவதுதான் பெரிய சங்கடம். ஒருமுறை கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரை, தோடம்பழப் பையோடு பார்க்கப் போனார். அந்த மனிசன் இவரைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்து, "ஐயோ பியானோ, எனக்குக் கால் மட்டும்தானப்பா! டொக்டர் வேறை ஏதும் சொன்னவரோ?" என்று அழத் தொடங்கிவிட்டார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் லொறிக்குள் கோப்பி குடிக்கும்போது கேட்டேன். அவர் நோர்வேக்கு வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் இறந்துபோனாராம். பனி கொட்டுகிற மாரி காலம், வேலை நாள். மண்டபத்துக்கு வந்தது அண்ணை ஒருவர் மட்டும்தான். அங்கிருந்த ஊழியர் சில்லுப் பூட்டிய தள்ளுவண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"நான் ஒருத்தன். ஒருத்தன் எப்பிடியடா தோளிலை காவுறது? உருட்டிக்கொண்டு போனன். கடையிலை சாமான் வாங்கிற வண்டில் மாதிரி. ஒரு சில்லு கீச்சுக் கீச்செண்டு கத்திக்கொண்டு வந்தது."

கோப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் இஞ்சை ஒருத்தருமில்லை. நீ எங்கையெண்டாலும் ஓடு. ஆனால் என்னை உருட்ட விடாதை."

"விசர்க்கதை கதைக்காமல் கோப்பியைக் குடியுங்கோ அண்ணை."

"ஓமெண்டு சொல்லு, குடிக்கிறன்."

"ஓம்."

குடித்தார்.

போன கோடையில் எங்கள் கம்பனிக்கு ஒரு விசித்திரமான வேலை வந்தது. ஒஸ்லோவில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு நோர்வேஜிய ரீச்சர், இத்தாலியில் ஒரு மலை உச்சியில் இருக்கிற பழைய ஊரில் வீடு வாங்கியிருந்தா. தாயார் விட்டுப்போன பியானோவை அங்கே கொண்டுபோக வேண்டும். இத்தாலியிலேயே ஒன்றை வாங்கலாமே என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணை மட்டும், "தாயை அங்கை வாங்கேலுமோ?" என்று கேட்டார். கம்பனி முதலாளி ஊர் வாசல்வரை மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

கொக்கு லொறி ஓட்டினான். நானும் அண்ணையும் பக்கத்தில். புட்டும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். ஜேர்மனி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நாலாம் நாள் மதியத்துக்குப் பிறகு அந்த ஊர் தூரத்தில் தெரிந்தது. யாரோ பழைய கல்லுப் பெட்டிகளை மலைத்தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கூலி வாங்கப் போனவர்கள் திரும்பி வராத மாதிரி இருந்தது.

கோட்டை வாசலில் ரீச்சர் தொப்பியோடு நின்றா. பக்கத்தில், எங்கள் ஊர் ஓட்டோவின் முகமும் தகரப் பெட்டி முதுகுமாக ஒரு மூன்று சில்லு வண்டி. படி தொடங்குகிற இடம்வரை பியானோவை அதில் ஏற்றலாம் என்று ரீச்சர் ஒழுங்கு செய்திருந்தா. அண்ணை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து சில்லைப் பார்த்தார்.

"ஓட்டோவிலையோ? அந்த மனிசியின்ரை அம்மாவை ஓட்டோவிலையோ ஏத்துறது? அவிழடா வாரை!"

"அண்ணை, கம்பனி வாசல்வரைக்கும்தான்."

"வாசல்வரை கம்பனி. அங்காலை நான்."

கொக்கு பெருமூச்சு விட்டு, "அரோகரா" என்றான். தூக்கினோம்.

வாசலைத் தாண்டவில்லை. அந்த இருட்டு வளைவுக்கு நடுவில் அண்ணை, "வை" என்றார்.

நானும் கொக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போய்ச் சேருமுன் அந்தச் சொல் அவர் வாயால் வந்ததை நாங்கள் கேட்டதில்லை. வைத்தோம். அண்ணை பியானோவின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு மேலே செதுக்கியிருந்த சிங்கத்தைப் பார்த்தார்.

"ஊர் பாக்க வந்தனாங்கள், பாக்காமல் போறதே? உது என்னவெண்டு ரீச்சரைக் கேள்."

ரீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. சிங்கத்துக்கு எண்ணூறு வயது, ஊருக்குள் வருகிறவர்கள் கைபோட்டுத் தடவித் தடவி அதற்கு மூக்கு இல்லாமல் போய்விட்டது, எதிரி வந்தால் மேலேயுள்ள ஓட்டையால் கொதிதண்ணி ஊற்றுவார்கள் என்றெல்லாம் சொன்னா. அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் வளைவின் அகலத்தைக் கையால் அளந்து, "கட்டினவன் வலு கெட்டிக்காரன். ஆனால் ஒருநாளும் பியானோ காவினவனில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்ததாகச் சதுக்கத்துக் கிணறு. மறுபடியும், "வை." கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தழும்புகள் ஆழமாக இருந்தன. வாயை இரும்புக் கம்பியால் மூடியிருந்தார்கள்.

"தண்ணி இருக்கோ?"

"இல்லையாம் அண்ணை. வத்தி நெடுங்காலமாம்."

"பிறகேன் மூடி வைச்சிருக்கினம்?"

"ஆக்கள் விழாமல் இருக்க."

"தண்ணி இல்லாத கிணத்துக்கை ஆர் விழப்போறான்?" அவர் குனிந்து பார்க்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெறும் கிணற்றில் ஒரு மனிசன் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அதற்குள் குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம் கிணற்றை விட்டுவிட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டது. படம் எடுத்தார்கள். கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். ஒரு கிழவர் பியானோவின் மேல் கொஞ்சம் சில்லறை வைத்துவிட்டுத் தொப்பியைத் தூக்கி வணங்கிப் போனார்.

"வாசிக்காததுக்கே தாறாங்கள்" என்றார் அண்ணை. "நல்லா வாசிக்கிறம் போலை."

மணிக்கூண்டடியில் வைத்தோம். ஏறிப் பார்க்கலாம், நாலு பக்கமும் தெரியும் என்று ரீச்சர் சொன்னா. "பியானோவையும் கொண்டோ?" என்று கேட்டார். ஒரு வீட்டு யன்னலில் தொங்கின பூச்சாடிக்கு முன்னால் வைத்தோம். அதில் வரலாறு ஒன்றுமில்லை என்று ரீச்சரே சொன்னா. "இல்லை, வடிவாயிருக்கு" என்றார். இத்தனை ஆவலாகக் கேட்கிற விருந்தாளி தன் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை என்று ரீச்சர் என்னிடம் இரகசியமாகச் சொன்னா. அவவுடைய கண் கலங்கியிருந்தது. நான் பியானோ வைத்த இடங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணை, நான் கீழ்ப்பக்கம் வரட்டோ?"

"வாயை மூடிக்கொண்டு மேலை நில்."

படி தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் தேவாலயம். ரீச்சரின் வீடு அதற்கு மேலே, செங்குத்தான கல்லுப்படி முடிகிற இடத்தில். பியானோவை வெளியே விட்டுவிட்டு அண்ணை உள்ளே போனார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பெருவிரல் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. தேவாலயக் கதவுகளின் திறப்புக்கோர்வையோடு நின்ற காவல்காரக் கிழவர் 'வேண்டாம், வேண்டாம்' என்று சைகை காட்டினார். அண்ணை கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மூலையை. அங்கே அந்த ஊர்ப் புனிதரின் சொரூபம் மரப்பீடத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில், சுவரில் சாத்தியபடி இரண்டு நீளத் தண்டுகள்.

அண்ணை போய் ஒரு தண்டைத் தடவினார். தோள் பட்டுப் பட்டு வழுவழுத்துக் குழிந்த இடத்தைக் கை கண்டுபிடித்தது.

"டேய், இஞ்சையும் காவுறாங்களடா."

அவர் ஊர்க் கோயிலில் தோளில் சாமி காவினவர். அந்த ஊர் நெடுங்காலம் ஆமியின் கம்பிவேலிக்குள் கிடந்தது. விட்ட பிறகு ஒருமுறை போய்வர விமான ரிக்கெற்றும் எடுத்தார். காவ ஆளில்லாமல் இப்போது சாமியை உழவு மெசினில் வைத்து இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாமி தண்டு சுவரில் சாத்தியிருந்தால், வந்தவன் தோளைக் கொடுப்பான். ஒருவரிடமும் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அண்ணையும் கேட்கவில்லை. இரண்டு தண்டையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, காலுறையோடு, தன்பாட்டில் வெளியே நடந்தார்.

காவல்காரர் போட்ட சத்தத்தில் மணிக்கூண்டிலிருந்த புறாக்கள் எழும்பின. திறப்புக்கோர்வை கிலுகிலுக்க அவர் ஓடி வர, ரீச்சர் குறுக்கே போய் மன்னிப்புக் கேட்க, யன்னல்கள் திறந்து தலைகள் நீள, கொக்கு பியானோவுக்குப் பின்னால் ஒளிய, அண்ணை ஒன்றும் நடக்காதவர் மாதிரிக் குந்தியிருந்து பியானோவின் இரண்டு பக்கமும் தண்டு வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். காவல்காரர் அவருடைய தோளைப் பிடித்து உலுப்பக் கையை ஓங்கினார். கயிறு போன விதத்தைக் கண்டார். ஓங்கின கை நின்றது. குனிந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு தானும் குந்தியிருந்து, மற்றப் பக்கத்து முடிச்சை அவிழ்த்துத் தன்னுடைய விதத்தில் கட்டினார். அண்ணை அதை இழுத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

காவல்காரர் இரண்டு விரலை வாய்க்குள் வைத்துச் சீக்காய் அடித்தார். சாராயக்கடையிலிருந்து நாலைந்து ஆண்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தோளைக் கொடுத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பியானோ எழும்பியது. சுற்றுலாக் கூட்டம் கை தட்டியது. கீழ்ப்பக்கத்தில் அண்ணையும் காவல்காரரும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொரு படிக்கும் இத்தாலியர் ஏதோ சொல்லிக் கூவ, கொக்கு "அரோகரா" என்று கூவ, மூன்றாம் நாலாம் படியிலிருந்து இத்தாலியரும் "அரோகரா" என்று கூவத் தொடங்கினார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. எங்கள் கோயில்களில் சாமி வாசலுக்கு வந்தால் நேரே உள்ளே போகாது. காவுகிறவர்கள் முழங்காலை மடித்து எழுந்து, நின்ற இடத்திலேயே அதை ஆட்டுவார்கள். அண்ணை ஆட்டினார். தண்டு மற்றத் தோள்களையும் சேர்த்து ஆட்டியது. பியானோவைச் சுற்றியிருந்த போர்வைக்குள் தந்திகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. ஒரு பெரிய, சுருதி சேராத, வண்டுக்கூட்டம் போன்ற சத்தம் அந்தத் தெரு முழுக்க எழும்பியது. "என் பியானோ!" என்று ரீச்சர் தலையில் கையை வைத்தா. எல்லாரும் அசையாமல் நிற்க, சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. வாழ்நாளில் அண்ணை பியானோ வாசித்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு மதிலில் இருந்தோம். கீழே திராட்சைத் தோட்டங்களும், தீப்பெட்டி மாதிரி எங்கள் லொறியும் தெரிந்தன. உள்ளே ரீச்சர் வாசித்துப் பார்த்தா. சுருதி போயிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அண்ணை சுவரில் முதுகைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டில் இரத்தமில்லை.

"நெஞ்சு நோகுதோ அண்ணை?"

"நோகேல்லை. ஊர் பாத்தனான்."

பிறகு தானாகவே சொன்னார்: "இடையிலை வைச்சால் பாரம் கூடுமெண்டு நான் சொல்லுறனான் எல்லே? அது பிழையடா. வைச்ச இடமெல்லாம் வடிவான இடம்."

ஒஸ்லோ திரும்பியதும் டொக்டர் அவருடைய நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்து, இனிக் கதிரைகூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பனி அவரைச் சாமான் சுற்றுகிற போர்வை மடிக்க விட்டது. எனக்கு வழக்கம்போலக் கால் அரிக்க, ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதியின் களஞ்சியத்தில் மட்டைப்பெட்டி நசிக்கிற வேலைக்குப் போனேன். மாரியில் ஒரு மத்தியானம் மரக்கறிக்கடைக்காரர் ரெலிபோன் எடுத்தார். அண்ணை கடைக்குள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவராம். இவர் ஒரு பெண்ணுக்கு வெண்டிக்காய் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி, "தேத்தண்ணி ஆறுது" என்று சொன்னாராம். சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம்.

நான் தெரிந்த எல்லாருக்கும் அறிவித்தேன். வேலை நாள், மண்டபம் கிடைத்ததும் காலைநேரம், வெளியில் உறைபனி. "பின்னேரம் கட்டாயம் வாறம்" என்றார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொன்னவன்தான். மண்டபத்துக்கு வந்தது மூன்று பேர். நான், கடைக்காரர், பல்லுவலி என்று கம்பனிக்குச் சொல்லிவிட்டு வந்த கொக்கு.

தேவாரம் படித்து முடிந்ததும் ஊழியர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சில்லு கத்தவில்லை. நன்றாக எண்ணெய் விட்டிருந்தார்கள். அந்தச் சத்தமின்மைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நாங்கள் தோளில் கொண்டுபோகிறோம்" என்றேன்.

"வெளியே வழுக்கும். எரிக்கிற கட்டிடம் ஏற்றத்தில் இருக்கிறது" என்றார் ஊழியர். நல்ல மனிசன், மெதுவாகத்தான் சொன்னார். "நாலு பேராவது வேண்டும். நீங்கள் மூன்று பேர்."

"நாங்கள் வீடு மாற்றுகிற ஆட்கள்."

"மூன்று பேரால் முடியுமா?"

"பியானோ என்றால் முடியும்" என்றேன். "இது முடியாது. நாலாவது ஆள் நீங்கள்."

அது தன்னுடைய வேலை இல்லை என்றார். கடைக்காரர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அறையில் எடுத்த அண்ணையின் தோல் கையுறை. அதை அந்த மனிசனிடம் நீட்டினார். ஊழியர் கையுறையைப் பார்த்தார். உள்ளங்கை தேய்ந்து கறுத்திருந்தது. பெட்டியைப் பார்த்தார். வண்டியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"எந்தப் பக்கம்?"

எனக்கு எதிர்ப்பக்கத்தைக் கையால் காட்டினேன்.

தூக்கினோம். கொக்கு மரம்போல உயரம், கடைக்காரர் உரல்போலக் கட்டை. கொக்கு முழங்காலை மடித்து நடந்தான். கடைக்காரர் தொப்பியை மடித்துத் தோளில் வைத்து உயரம் கூட்டினார். வாசலில் வந்ததும் ஒருவரும் சொல்லாமலே கடைக்காரரின் முழங்கால் மடிந்து எழுந்தது. நாங்களும் மடிந்து எழுந்தோம். ஆட்டினோம். உள்ளே ஒரு தந்தியும் அதிரவில்லை.

பாதி ஏற்றத்தில் கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, ஒருக்கா வைப்பமோ? குறை நினையாதையும்."

பக்கத்தில் பனியை ஒதுக்கிவிட்ட தட்டையான கல்மதில் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒஸ்லோ முழுக்கத் தெரிந்தது. துறைமுகம், ட்ராம் கம்பிகள், அவர் ஏறி இறங்கின மாடிவீடுகளின் கூரைகள் எல்லாம்.

"வைப்பம் அண்ணை" என்றேன். "ஊர் பாப்பம்."

வைத்தோம். பார்த்தோம். ஊழியரும் பார்த்தார். பிறகு கொக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த 'ஒன்று, இரண்டு, மூன்று' சொன்னான். தூக்கினோம்.

அதை முடித்துவிட்டுத்தான் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்கு வந்து, ஸ்ட்ரோம்மன் பக்கம் போகிற ரயிலை விட்டுவிட்டு, பழைய கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

அடுத்த நாள் காலை முகச்சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனேன். பழைய வீடு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, சுவரோரத்தில் ஒரு கறுத்தப் பியானோ. கொக்கு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய் என்று கேட்டான்.

கீழ்ப்பக்கம் என்றேன்.